தரையில் தவழ வேண்டிய புகை மரத்தில் ஏறினால்

அமெரிக்காவில் ஹாலோவீன் என்றால் பிள்ளைகள் பேய் வேஷம் போட்டு வீடு வீடாக மிட்டாய் கேட்டு வரும் இரவு. முதல் வருஷம் அதற்காக வீட்டு முன்புறப் புல்வெளியில் தெர்மோகோல் கல்லறைகளை நட்டு, அவற்றைச் சுற்றித் தரையோடு புகை தவழட்டும் என்று 400 வாட் ஃபாக் மெஷின் (புகை கக்கும் கருவி) ஒன்றை வைத்து பட்டனை அழுத்தினேன். புகை குபுகுபுவென்று வந்தது, ஒரு முழம் தாண்டியதும் மேலே ஏறியது, அப்படியே பக்கத்து வீட்டு மேப்பிள் மரத்துக்குப் போய்விட்டது. என்ன எரிகிறது என்று அந்த வீட்டுக்காரர் ஓடி வந்ததுதான் மிச்சம்.

மெஷின் மேல் குற்றமில்லை. கிளைக்கால் என்ற ரசாயனத் திரவம் கலந்த தண்ணீரைச் சூடாக்கி ஆவியாகத் தள்ளுவதுதான் அதன் வேலை, சூடாக வருவது மேலே ஏறத்தான் செய்யும். சுற்றியிருக்கும் காற்றைவிடக் குளிர்ந்து வந்தால்தான் தரையோடு படுக்கும். இது புரியாமல் நிறைய பேர் நேராக 1000 வாட் மெஷினுக்குத் தாவுகிறார்கள். என்ன ஆகும்? இன்னும் நிறைய புகை மரத்தில் ஏறும், அவ்வளவுதான்.

சரி, ஐஸ் பெட்டி செய்து அதன் வழியாகப் புகையை விடலாம் என்று இறங்குபவர்கள் அங்கேயும் கோட்டை விடுவது உண்டு. பெட்டிக்குள் குழாயைப் போட்டு அதன் மேல் ஐஸைக் கொட்டுவார்கள். புகை ஐஸைத் தொடவே தொடாது. பெட்டிக்குள் கம்பிவலையை வைத்து, அதன் மேல் ஐஸைக் கொட்டி, புகையை மேலிருந்து உள்ளே விட்டு, ஐஸ் கட்டிகளின் இடுக்கு வழியாக இறங்கி அடியிலிருந்து வெளியேற விடுங்கள். பொடித்த ஐஸ் வேண்டாம், அது இறுகிக்கொண்டு வழியை அடைத்துவிடும். வெளியேறும் துளை அகலமாக, நான்கு அங்குலமாவது இருக்கட்டும். சின்னத் துளை என்றால் புகை பீறிட்டு வெளியே வந்து வெளிக்காற்றோடு கலந்து, பட்ட குளிரையெல்லாம் இழந்துவிடும். மெஷினின் மூக்கைப் பெட்டிக்குள் புகை போகும் குழாயோடு ஒட்டவைக்காதீர்கள், இரண்டு அங்குலம் இடைவெளி விடுங்கள். அந்த மூக்கு கொதிக்கும், பிளாஸ்டிக் என்றால் உருகிவிடும். உருகிய தண்ணீர் வடிய ஒரு ஓட்டையும் வேண்டும். அப்புறம், பட்டனை அழுத்திக்கொண்டே இருக்காமல் கொஞ்சம் விட்டு, நிறுத்தி, மறுபடி கொஞ்சம் விடுங்கள். பெட்டிக்குள் நின்று நிதானமாகப் போனால்தான் புகை குளிரும்.

நம் ஊர்க் கல்யாண ரிசப்ஷனில் மணமக்கள் மேகத்தில் நடந்து வருவது போலச் செய்கிறார்களே, அது மண்டபத்துக்குள் என்பதால் நடக்கிறது. வெளியில் லேசான காற்று போதும், அத்தனையையும் கலைத்துவிடும். மெஷினைக் காற்று வரும் பக்கம் வையுங்கள், வேலி, புதர் என்று ஏதாவது மறைப்பு இருக்கிற மூலையைத் தேடுங்கள். புகையைப் பரப்புகிறேன் என்று ஃபேன் வைப்பது நாமே காற்றைக் கூப்பிட்டு வந்து கலைப்பதற்குச் சமம். பகல் முழுக்க வெயில் குடித்த கான்கிரீட் டிரைவ்வேயும் ஆகாது, அந்தச் சூட்டில் புகை எழும்பிவிடும். புல்தரையே நல்லது.

டிரை ஐஸ், அதாவது உறைந்த கார்பன் டை ஆக்சைடு வாங்கித் தண்ணீரில் போட்டால் இந்தப் பெட்டி வேலையெல்லாம் இல்லை, ஆனால் அதில் செய்யும் தவறுகள் ஆபத்தானவை. அதன் குளிர் மைனஸ் 78.5 டிகிரி செல்சியஸ், வெறுங்கையால் தொட்டால் தோல் வெந்துபோன மாதிரி ஆகிவிடும். ஒரு கிலோ கரைந்தால் 500 லிட்டருக்கும் மேல் கார்பன் டை ஆக்சைடு வாயு வரும், அதனால் இறுக மூடிய டப்பாவில் போட்டால் வெடிக்கும், ஜன்னல் மூடிய காரில் கொண்டுவந்தால் மூச்சு முட்டும். பச்சைத் தண்ணீரில் போட்டுவிட்டு புகை போதவில்லை என்பார்கள்; சுடுதண்ணீர் வேண்டும், அதுவும் சீக்கிரம் ஆறிவிடும் என்பதால் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். எல்லாக் கட்டிகளையும் ஒரே நேரத்தில் போட்டால் பத்து நிமிஷ வேடிக்கையோடு சரி.

மெஷினில் ஊற்றும் திரவத்தில் சிக்கனம் பார்க்காதீர்கள். அதுவும் கிளைக்கால்தானே என்று காருக்கு ஊற்றும் கூலன்ட்டை ஊற்றிவிடாதீர்கள், அதில் பெரும்பாலும் இருப்பது எத்திலீன் கிளைக்கால், அது விஷம். சென்ட், கலர்ப்பொடி எதுவும் கூடாது. தரையில் பரப்ப, சீக்கிரம் கலைகிற வகைத் திரவத்தையே வாங்குங்கள். நெடுநேரம் நிற்கிற வகை, குளிர் தீர்ந்த பிறகும் கலையாமல் மேலே எழும்பி முகத்தில் வந்து மோதும். திரவம் தீர்ந்த பிறகு மெஷினை ஓடவிட்டால் பம்ப் போய்விடும். மூக்கின் கீழே சொட்டுவது வழுக்கும், நடைபாதையில் வைக்காதீர்கள், அங்கி தடுக்க ஓடிவரும் பிள்ளைகள் விழுவார்கள். 1000 வாட் மெஷின் அமெரிக்க 120 வோல்ட்டில் எட்டு ஆம்பியருக்கு மேல் இழுக்கும், அதற்கு மெல்லிய எக்ஸ்டென்ஷன் ஒயர் தாங்காது.

கடைசியாக விளக்கு. எதிரிலிருந்து ஃபிளட் லைட் அடித்தால் புகை வெறும் வெள்ளைத் துணி போலத் தெரியும். தரை மட்டத்தில் பக்கவாட்டிலோ பின்னாலிருந்தோ நீலமோ பச்சையோ அடித்தால்தான் அது ஊர்வது கண்ணில் படும். புகை நன்றாகத் தெரியட்டும் என்று நான் ஒரு வருஷம் வாசல் விளக்கையே அணைத்துவிட்டேன். இங்கே வாசல் விளக்கு எரிந்தால்தான் அந்த வீட்டில் மிட்டாய் உண்டு என்று அர்த்தம். புகை அன்றைக்கு முழங்காலளவு அருமையாகப் படுத்திருந்தது, பிள்ளைகள் எல்லாம் எட்டிப் பார்த்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்கள்.