குழாய்க்குள் மின்புலம் கொடுக்கும் முன்: திரவம் எந்தப் பக்கம் போகும் என்று பாருங்கள்

குளிர்பதனப் பொருள் ஓடும் குழாயின் நடுவே ஒரு கம்பியை நிறுத்தி, அதற்குச் சில ஆயிரம் வோல்ட் கொடுத்தால், பம்பின் வேகத்தைக் கூட்டாமலே வெப்பப் பரிமாற்றத்தைக் கூட்டலாம். மின்செலவும் பெரிதாக இல்லை. 8 கிலோவோல்ட்டில் 50 மைக்ரோஆம்பியர் ஓடினால் 0.4 வாட், அவ்வளவுதான். நான் இந்தத் துறைக்குள் வந்ததே இந்தக் கணக்கில் மயங்கித்தான். ஆனால் திரவமும் ஆவியும் கலந்து ஓடும் இடத்தில் மின்புலம் எதை எங்கே இழுக்கும் என்று யோசிக்காமல் ஸ்விட்சைப் போட்டுவிட்டு, வந்த எண்ணுக்குப் பிறகு காரணம் தேடுவது ஆய்வுக்கூடங்களில் சகஜமாக நடக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எல்லாவற்றுக்கும் அடிப்படையான தவறு, மின்புலம் எப்போதும் உதவும் என்று நினைப்பது. ஆவியைவிடத் திரவத்துக்கு விடுதிறன் (மின்புலத்துக்கு ஆட்பட்டு மின்முனைவாகும் தன்மை) அதிகம், அதனால் புலம் வலுவாக இருக்கும் பக்கம் திரவம் இழுபடும், ஆவி எதிர்ப்பக்கம் தள்ளப்படும். நடுக்கம்பி வைத்த குழாயில் புலம் வலுவாக இருப்பது கம்பியை ஒட்டித்தான், சுவரை ஒட்டி அல்ல. சரி, அப்படியானால் ஆவியைக் குளிர்வித்துத் திரவமாக்கும் கண்டென்சரில் என்ன நடக்கும்? சுவரில் படிந்த திரவப் படலம் நடுப்பக்கம் இழுக்கப்பட்டு மெலிகிறது, புது ஆவி குளிர்ந்த சுவரைத் தொடுகிறது, வெப்பம் நன்றாகப் போகிறது. அதே கம்பியை, அதே வோல்ட்டேஜில், கொதிக்கும் குழாயில் வைத்தால் சுவரை நனைத்துக்கொண்டிருக்க வேண்டிய திரவமே அங்கிருந்து பிடுங்கப்படுகிறது. ஆவியின் பங்கு குறைவாக இருக்கும்வரை இது கலக்கிவிடும் வேலையைச் செய்து நன்மை தரலாம். ஆவி மிகுந்த பகுதியிலோ, மிச்சமிருக்கும் மெல்லிய படலமும் கம்பிக்குத் தாவிவிட, சுவர் முன்கூட்டியே காய்ந்து வெப்பநிலை எகிறும். இதைச் சோதனைகளிலேயே பார்த்திருக்கிறார்கள். ஆகவே குழாயின் முழு நீளத்துக்கும் ஒரே கம்பி, ஒரே வோல்ட்டேஜ் என்று வடிவமைப்பது கொதிக்கும் குழாய்க்குச் சரிப்படாது.

அடுத்தது, புலத்தின் அளவைக் கணக்கிடுவதில் நடப்பது. வோல்ட்டேஜை இடைவெளியால் வகுத்து ஒரே எண்ணை எழுதிவிடுகிறோம். 10 மி.மீ. உள்விட்டமுள்ள குழாய், நடுவில் 3 மி.மீ. கம்பி, 8 கிலோவோல்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். இடைவெளி 3.5 மி.மீ., ஆகவே மீட்டருக்கு சுமார் 2.3 மெகாவோல்ட் என்று வரும். ஆனால் வட்ட வடிவத்தைக் கணக்கில் எடுத்தால், குழாய் முழுக்கத் திரவம் மட்டும் இருக்கும்போது கம்பியின் பரப்பில் 4.4, சுவரில் 1.3. இது முதல் திருத்தம். இனி அதே குழாயில் ஆவி நடுவிலும், 0.5 மி.மீ. தடிமனுள்ள திரவப் படலம் சுவரிலும் ஓடட்டும், திரவம் ஆர்-134ஏ என்ற குளிர்பதனப் பொருள், ஒப்புமை விடுதிறன் (வெற்றிடத்தோடு ஒப்பிட்டது) ஏறத்தாழ 9.5. இப்போது கம்பியின் பரப்பில் புலம் 4.8 ஆக உயர்கிறது, சுவரை ஒட்டிய திரவத்திலோ வெறும் 0.15! ஏறக்குறைய ஒன்பதில் ஒரு பங்கு. கம்பிக்கும் வோல்ட்டேஜுக்கும் ஒன்றும் ஆகவில்லை, ஓட்டத்தின் வடிவம்தான் மாறியது. வோல்ட்டேஜின் பெரும்பகுதியை ஆவி எடுத்துக்கொண்டது. தீப்பொறி பறக்கும் அபாயமும் அந்த ஆவிப் பகுதியில்தான் இருக்கிறது. திரவத்தின் மின்காப்பு வலிமையை மட்டும் பார்த்து ‘இன்னும் இடம் இருக்கிறது’ என்று வோல்ட்டேஜை ஏற்றியவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

மேலே உள்ள 0.15கூட உயர் அதிர்வெண் மாறுமின்னோட்டத்துக்கான கணக்கு. நேர்மின்னோட்டம் கொடுத்தால் விடுதிறன் பின்னுக்குப் போய், மின்கடத்தும் தன்மைதான் புலத்தைப் பங்கிடும். எது எப்போது ஆளும் என்பதற்கு எளிய அளவுகோல் ஒன்று இருக்கிறது. விடுதிறனை மின்கடத்து எண்ணால் வகுத்தால் ஒரு நேரம் கிடைக்கும், மின்னூட்டம் நகர்ந்து திரவத்தின் ஓரத்தில் சேர ஆகும் நேரம் அது. எச்எஃப்இ-7100 திரவத்தின் தரவுத்தாளில் உள்ள எண்களைப் போட்டால் சுமார் 2 மில்லி விநாடி. எஃப்சி-72க்குப் போட்டால் இரண்டு நிமிடத்துக்கும் மேல்! இரண்டும் எலக்ட்ரானிக்ஸ் குளிர்விப்பில் பக்கத்துப் பக்கத்தில் பேசப்படும் திரவங்கள், ஆனால் 50 ஹெர்ட்ஸ் மின்னழுத்தத்தில் ஒன்றில் மின்னூட்டம் ஓடிப்போய்ச் சேர நேரம் இருக்கிறது, மற்றதில் அது அசையவே இல்லை என்று சொல்லலாம். ஒன்றில் கிடைத்த முடிவை மற்றதற்குத் தூக்கிக்கொண்டு போகக்கூடாது. கம்ப்ரசர் எண்ணெயோ ஈரமோ கொஞ்சம் கலந்தாலும் மின்கடத்து எண் மாறிவிடும் என்பதால், புத்தக எண்ணை நம்பாமல், நிரப்பிய திரவத்தையே அளந்து பார்ப்பது நல்லது.

ஓட்டத்தின் வேகத்தை மறப்பதும் உண்டு. நான் முதலில் ஒரு தோராயக் கணக்கு போட்டுப் பார்த்துவிடுவேன். மேலே சொன்ன குழாயில் மின்புலம் தரக்கூடிய அழுத்தம் சுவர்ப்பக்கம் 65 பாஸ்கல் அளவு, கம்பியை ஒட்டி 740 அளவு (குழாய் நிறையத் திரவம் இருக்கும்போதுள்ள புலத்தை வைத்து). 25 டிகிரி செல்சியஸில் ஆர்-134ஏ முழுக்க ஆவியாக, சதுர மீட்டருக்கு விநாடிக்கு 100 கிலோ வீதம் ஓடினால் அதன் இயக்க அழுத்தம் (ஓட்டத்தின் வேகத்தால் வரும் அழுத்தம்) சுமார் 150 பாஸ்கல், அதாவது போட்டி சமமாக இருக்கிறது. 400 கிலோவாக்கினால் அது 2,500 பாஸ்கலை நெருங்கிவிடும். அந்த ஓட்டத்தில் மின்புலம் பெரிதாக எதையும் அசைக்காது. மெதுவான ஓட்டத்தில் கிடைத்த பெரிய எண்ணைக் காட்டி, வேகமான ஓட்டமுள்ள ஏசி யூனிட்டுக்கு ஆசைப்படுவது வீண்.

அப்புறம், எதோடு ஒப்பிடுகிறோம் என்பது. எனக்கு மனசு உறுத்தும் விஷயம் இதுதான். கொதித்தலில் முதல் குமிழி தோன்றும் முன் சுவர் தேவைக்கு மேல் சூடேறி நிற்கும், நன்றாக நனைக்கும் திரவங்களில் இது ரொம்ப அதிகம். சதுர மீட்டருக்கு 5 கிலோவாட் வெப்பம், குமிழி இல்லாமல் சுவர் 20 டிகிரி மிகையாகச் சூடாக இருக்கிறது என்று வைப்போம். மின்புலம் கொடுத்ததும் குமிழிகள் கிளம்பி அது 5 டிகிரிக்கு இறங்குகிறது. நான்கு மடங்கு முன்னேற்றம் என்று எழுதத் தோன்றும். ஆனால் மின்புலத்தை அணைத்துப் பாருங்கள், குமிழிகள் தொடர்ந்து வருகின்றன, சுவர் 7 டிகிரியில் நிற்கிறது. அப்படியானால் புலத்தின் சொந்தப் பங்கு 1.4 மடங்குதான், மீதி குமிழி கிளம்பியதால் வந்தது. கொதித்தலைத் தொடக்கிவைப்பதும் நல்ல பயன்தான், அதைத் தனியாகச் சொல்லுங்கள். வெப்பத்தை ஏற்றும்போது ஒரு வரிசை, இறக்கும்போது ஒரு வரிசை என்று இரண்டையும் அளந்தால் இந்தக் குழப்பமே வராது. இதோடு, கம்பியும் அதைத் தாங்கும் டெஃப்லான் வளையங்களும் மின்சாரம் இல்லாமலே ஓட்டத்தைக் கலக்கும், குழாயை அடைக்கவும் செய்யும். வெற்றுக் குழாய், கம்பி வைத்து மின்சாரம் இல்லாத குழாய், மின்சாரம் கொடுத்த குழாய் என்று மூன்றையும் அளந்து, மூன்றுக்கும் அழுத்த இழப்பையும் சேர்த்துக் காட்ட வேண்டும்.

இந்த முறைக்கு மெய்யாகவே பொருந்தும் இடம் ஒன்று, குமிழியை மேலே தூக்கிவிட ஈர்ப்பு இல்லாத விண்வெளி. 2019இல் சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் போன ஐரோப்பிய ரூபி சோதனை, எஃப்சி-72 திரவத்தில் ஒற்றைக் குமிழியை வளர்த்து, மின்புலம் அதை என்ன செய்கிறது என்று பார்த்தது. மிதப்பு விசை செய்யும் வேலையை அங்கே மின்புலத்திடம் கேட்கலாம்.

கடைசியாக அளவீடு. வெப்பநிலையை மின்னழுத்தமாக மாற்றிக் காட்டும் டி வகை தெர்மோகப்பிள் ஒரு டிகிரிக்குத் தருவது சுமார் 40 மைக்ரோவோல்ட். பக்கத்தில் இருப்பதோ 8,000 வோல்ட். கொஞ்சம் கசிவு போதும், இல்லாத வெப்பநிலை திரையில் வந்துவிடும். ஒருமுறை எங்கள் குழாயில் ஹீட்டரை அணைத்து, எல்லாம் அறை வெப்பநிலைக்கு வந்தபின் வோல்ட்டேஜை மட்டும் ஏற்றினோம். பன்னிரண்டு சுவர் அளவீடுகளில் இரண்டு மட்டும் நகர்ந்தன, இரண்டும் ஒரே இடத்தில் காப்பு உரிந்த தெர்மோகப்பிள் கம்பிகள். அதற்கு முந்தைய வாரத்துத் தரவு முழுவதையும் ஒதுக்கிவிட்டு மறுபடி எடுத்தோம். இப்போது ஒவ்வொரு நாளும் ஹீட்டரைப் போடும் முன் இந்தச் சோதனையைச் செய்கிறோம், பத்து நிமிட வேலை. மாலையில் மின்மூலத்தை அணைத்த பிறகும் கேபிளில் மின்னூட்டம் நிற்கும் என்பதால், தரையோடு இணைத்த கோலால் கம்பியைத் தொட்டு, கோலை அப்படியே மாட்டிவைத்த பிறகுதான் யாரும் குழாயில் கை வைப்பார்கள்.