தினமும் இருபது நிமிடம்: பென்சிலால் முகம் கீறப் பழகுவது எப்படி?

எங்கள் வீட்டில் அப்பப்பாவின் படம் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அடையாள அட்டைக்கு எடுத்த சின்னப் படம். ஒரு மூலை தண்ணீர் பட்டு உரிந்துவிட்டது. இடம்பெயர்ந்த காலத்தில் ஒரு பெட்டி போனது. 2004 மார்கழி 26இல் கடல் வந்தபோது மிச்சமும் போனது. திருகோணமலைக் கரையோரத்தில் இப்படி முகம் தொலைத்த வீடுகள் நிறைய. அந்தச் சின்னப் படத்தைப் பார்த்து அவரைப் பெரிதாகக் கீறித் தரும்படி அப்பம்மா கேட்டார். நான்கு நாள் இருந்து கீறினேன். கண், மூக்கு, வாய் எல்லாம் வந்தன. அப்பம்மா தாளைக் கையில் வாங்கி நெடுநேரம் பார்த்தார்.

"நல்லாக் கீறியிருக்கிறாய் பிள்ளை. ஆனா இது அவர் இல்லை."

அதன் பிறகுதான் உயிரோடு முன்னால் இருக்கிற முகங்களைப் பார்த்துத் தினமும் கீறத் தொடங்கினேன். கீழே இருப்பது அந்தப் பழக்கத்தில் எனக்குப் பிடிபட்ட முறை. சித்திரப் பாடத்தைப் பள்ளிக்கூடத்தோடு விட்டவர்களும் இதைச் செய்யலாம். நாளுக்கு இருபது நிமிடம் போதும், ஆனால் நாள் தவறக் கூடாது. ஞாயிறு மூன்று மணிநேரம் கீறிவிட்டு மற்ற ஆறு நாளும் விட்டால், அடுத்த ஞாயிறு கை பழையபடி இறுகிப் போயிருக்கும்.

என்னென்ன வேண்டும்

எச்பி, 2பி, 4பி என்று மூன்று பென்சில். பிக்கு முன்னால் உள்ள இலக்கம் கூடக்கூடக் கரி மென்மையாகும், கறுப்பும் கூடும். எச்பியால் உருவத்தைப் பிடியுங்கள், 2பியால் நிழல் தீட்டுங்கள். 4பியைக் கண்மணிக்கும் மூக்குத் துவாரத்துக்கும் வாய்ப் பிளவுக்கும் மட்டும் எடுங்கள். பிளேட்டால் கரி நீளமாகத் தெரியும்படி சீவினால், பென்சிலைச் சரித்துப் பிடித்து அகலமாகத் தீட்டலாம். ஓர் அழிறப்பர், கோடில்லாத ஏ4 தாள் ஐம்பது, அடியில் வைக்க ஒரு பலகை, தாளைப் பிடிக்க ஒரு கிளிப். இவ்வளவுதான். விலை கூடிய கொப்பியை இப்போது வாங்காதீர்கள். நல்ல தாளைப் பழுதாக்கப் பயம் வரும், பயந்த கையால் கோடு போட முடியாது.

மாரியில், கார்த்திகை மார்கழி வாடைக்காற்றில், எங்கள் ஊரில் தாள் ஈரம் பிடித்துத் தொய்ந்துவிடும். பென்சில் பிடிக்காது, அழித்தால் தாள் உரியும். மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்தால் தப்பும். சூடான கச்சான் காற்று வீசும் மாதங்களில் வேறு தொல்லை: வியர்த்த கை பட்டுத் தீட்டியதெல்லாம் கலையும். கைக்கடியில் ஒரு துண்டுத் தாளை வைத்துக்கொண்டு கீறுங்கள்.

ஒவ்வொரு தாளின் மூலையிலும் திகதி போடுங்கள். எதையும் கிழித்தெறியாதீர்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

முதல் ஐந்து நாள்: குடமும் முட்டையும்

முகத்துக்கு இன்னும் போக வேண்டாம். முதல் மூன்று நாளும் ஒரு குடத்தை முன்னால் வைத்து அளக்கப் பழகுங்கள். கையை முழுதாக நீட்டிப் பென்சிலை நிமிர்த்திப் பிடித்து, ஒரு கண்ணை மூடுங்கள். பென்சில் முனை குடத்தின் விளிம்பில் இருக்கட்டும். பெருவிரலை அடிப்பகுதி வரை இறக்குங்கள். அந்த நீளம்தான் உங்கள் அளவு. இனிக் குடத்தின் வாய் அகலத்தை அதே மாதிரிப் பிடித்து, அது உயரத்துக்குள் எத்தனை தரம் அடங்குகிறது என்று பாருங்கள். முழங்கை மடங்கக் கூடாது. மடங்கினால் பென்சில் கண்ணுக்குக் கிட்ட வந்து, அதே நீளத்தால் குடத்தின் கூடிய பங்கை மறைத்துவிடும், கணக்குப் பிழைக்கும்.

நாலாம் ஐந்தாம் நாள் ஒரு முட்டை. வெள்ளைத் தாளின் மேல் வைத்து, ஒரே பக்கத்திலிருந்து வெளிச்சம் விழும்படி யன்னலோரம் வையுங்கள். மிகவும் வெளிச்சமான இடம், மெல்ல மங்கும் இடம், கடும் நிழல், தாளில் விழும் நிழல் என்று நான்கையும் எளிதில் கண்டுபிடிப்பீர்கள். ஐந்தாவது ஒன்று உண்டு: முட்டையின் அடியில், கடும் நிழலுக்கும் கீழே, தாளில் பட்டுத் திரும்பும் மெல்லிய வெளிச்சம். வெள்ளைச் சேட்டுப் போட்டவரின் தாடைக்கடியிலும் இதே வெளிச்சம் இருக்கும். அதை விட்டுவிட்டுத் தாடைக்கடியை ஒரேயடியாகக் கறுப்பாக்கினால் தலை கழுத்தோடு ஒட்டிப்போகும்.

ஆறாம் நாள்: முட்டைக்குள் முகம்

முட்டை வடிவம் ஒன்று கீறி, நடுவே மேலிருந்து கீழாக ஒரு கோடு போடுங்கள். உயரத்தின் சரிபாதியில் குறுக்கே ஒரு கோடு. கண்கள் அந்தக் கோட்டில்தான் இருக்கும். நம்ப முடியாவிட்டால் கண்ணாடி முன்னால் போய்ப் பென்சிலால் உச்சந்தலையிலிருந்து கண் வரையும், கண்ணிலிருந்து நாடி வரையும் அளந்துவிட்டு வாருங்கள். புதிதாகக் கீறுகிற அநேகமானோர் கண்ணை மேலே ஏற்றி வைத்துவிடுவார்கள். முகம் பார்க்கும்போது நாம் கண்ணையும் வாயையும்தான் பார்க்கிறோம். நெற்றியும் தலைமயிரும் கவனத்தில் ஏறுவதில்லை, அதனால் தாளிலும் அவை சுருங்கிவிடும்.

கண் கோட்டின் அகலத்தில் ஐந்து கண் அடங்கும். இரண்டு கண்ணுக்கும் இடையில் ஒரு கண் அளவு இடைவெளி. அடுத்தது, மயிர் தொடங்கும் இடத்திலிருந்து புருவம், புருவத்திலிருந்து மூக்கின் அடி, அங்கிருந்து நாடி: இவை மூன்றும் ஏறத்தாழச் சமம். எங்கள் சிற்பிகளுக்கு இது பழைய கணக்கு. முகத்தை ஒரு தாலம் என்று வைத்து 12 அங்குலமாக, அதாவது 12 சம பங்காகப் பிரித்து, நெற்றிக்கு நாலு, மூக்குக்கு நாலு, அதற்குக் கீழே நாலு என்று கொடுப்பார்கள். வாய்ப் பிளவு, மூக்கின் அடிக்கும் நாடிக்கும் இடையில் மேலிருந்து மூன்றில் ஒரு பங்கில் வரும். காது, புருவத்துக்கும் மூக்கின் அடிக்கும் இடையில்.

மூன்று நாள் இதையே கீறுங்கள். பத்து முட்டை, பத்து முகம், நிழல் வேண்டாம்.

அளவு எங்கே பிழைக்கிறதோ, அங்கேதான் ஆள் இருக்கிறார்

இந்தப் பகுதிதான் எனக்கு முக்கியம். மேலே சொன்ன அளவு பொதுவான அளவு. அதை அப்படியே கீறினால் கடைப் பொம்மையின் முகம் வரும். நான் அப்பப்பாவைக் கீறியபோது நடந்தது அதுதான்: எல்லாம் சரியான இடத்தில் இருந்தன, அவர் இல்லை.

பிறகு அப்பம்மாவைக் கீறினேன். பின்னேரம் முன் விறாந்தையில் கதிரையைப் போட்டுக்கொண்டு இருப்பார். முதல் நாலு தாளிலும் அவர் பத்து வயது குறைந்தவர் போல வந்தார். ஐந்தாம் நாள் பென்சிலால் அளந்து பார்த்தேன். மூக்கின் அடியிலிருந்து நாடி வரையான பங்கு, மற்ற இரண்டையும் விட நன்றாகக் குறைந்திருந்தது. பல் விழுந்துவிட்டதால் தாடை மேலே ஏறி, உதடு உள்ளே மடிந்து, நாடி மூக்கைத் தேடி வந்திருந்தது. நான் கண்ணால் பார்க்காமல், சமம் என்று படித்ததை வைத்து அந்த இடத்தை நீட்டிக் கீறியிருக்கிறேன். காதும் அப்படித்தான். அறுபது வருடம் தோடு தொங்கிய சோணை, மூக்கின் அடிக்கும் கீழே இறங்கியிருந்தது. தோடு போட்ட துவாரம் ஒரு நீளக் கீற்றாகியிருந்தது. இரண்டையும் உள்ளபடி போட்டேன். நிழல் தீட்ட முன்பே தாளில் அப்பம்மா இருந்தார்.

குழந்தைகளைக் கீறினால் இதற்கு மறுபக்கம் தெரியும். மண்டை பெரிது, முகம் சின்னது. அதனால் கண்கள் பாதிக் கோட்டுக்குக் கீழே இறங்கிவிடும். பெரியவர்களின் அளவில் கீறிய குழந்தை, குள்ளமான மாமா மாதிரி நிற்கும்.

ஆகவே ஒன்பதாம் நாளிலிருந்து பென்சிலைத் தாளில் வைக்க முன்னர் மூன்று வித்தியாசங்களைத் தாளின் அடியில் எழுதுங்கள். "நெற்றி அகலம். இடது புருவம் உயரம். மேலுதடு மெல்லிசு." இப்படி. எழுத மூன்றும் கிடைக்கவில்லை என்றால் இன்னும் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

ஒன்பதாம் நாளிலிருந்து: ஒரே ஆள்

முப்பதாம் நாள் வரை ஒரே ஆளைக் கீறுங்கள். வீட்டில் ஒரே இடத்தில் இருக்கக்கூடியவர் நல்லது. ஒருவருமே இல்லையென்றால் கண்ணாடியும் நீங்களும். இருபது நிமிடத்தை நான் இப்படிப் பிரிப்பேன்: கை இளக இரண்டு நிமிடம் வட்டமும் நேர்கோடும், பார்த்து மூன்று வித்தியாசம் எழுத மூன்று நிமிடம், உருவம் பிடிக்க ஏழு, நிழலுக்கு ஆறு, எழும்பித் தள்ளி நின்று பார்க்க இரண்டு. உருவத்துக்கான நேரத்தைக் குறைத்து நிழலுக்குக் கொடுக்காதீர்கள். கண்ணிமை மயிரை ஒவ்வொன்றாகக் கீற ஆசை வரும். கண் ஒரு நூல் தள்ளியிருந்தால் எவ்வளவு அழகான இமையும் அதைக் காப்பாற்றாது.

நிழலுக்குக் கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். சின்னச் சின்ன விவரமெல்லாம் மறைந்து, முகம் வெளிச்சம் ஒரு பக்கம், இருட்டு ஒரு பக்கம் என்று இரண்டாகத் தெரியும். முதலில் இருட்டு முழுவதையும் ஒரே சீராக 2பியால் தீட்டுங்கள். பிறகுதான் உறுப்புகள்.

கண் குழிக்குள் இருக்கிற ஓர் உருண்டை. வெள்ளைவிழி தாளின் வெள்ளை அல்ல. மேலிமையின் நிழல் அதன் மேல் விழும், அதை மெல்லிசாகத் தீட்டினால்தான் கண் உள்ளே இருக்கும், இல்லாவிட்டால் முழிக்கும். மூக்குக்கு இரண்டு பக்கமும் கோடு இழுக்காதீர்கள். ஒரு பக்க நிழல், நுனியின் அடி நிழல், துவாரம், அவ்வளவு போதும். வாயில் மிகக் கறுப்பான இடம் இரண்டு உதடும் சேரும் கோடு; அதன் இரண்டு மூலைகளும்தான் ஆளின் குணத்தைச் சொல்லும். உதட்டைச் சுற்றிக் கோடு வேண்டாம். பல் தெரிந்தால் ஒவ்வொரு பல்லுக்கும் இடையில் கோடு போடவே வேண்டாம்.

பன்னிரண்டு, பதினைந்தாம் நாளளவில் எல்லாமே மோசமாவது போல இருக்கும். கண் கையை முந்திக்கொண்டு பிழைகளைக் காணத் தொடங்கியிருக்கிறது. அப்போது முதல் வாரத் தாள்களை எடுத்துப் பாருங்கள். கிழிக்க வேண்டாம் என்றது இதற்குத்தான். பிழை எங்கே என்று தெரியாவிட்டால் தாளைத் தலைகீழாகத் திருப்புங்கள், அல்லது கண்ணாடியில் காட்டுங்கள். சரிந்த தாடை உடனே தெரியும்.

கொப்பியோடு வெளியே

இருபதாம் நாளுக்குப் பிறகு வாரத்தில் இரண்டு நாள் வெளியே போங்கள். ஒரு முகத்துக்கு இரண்டே நிமிடம். திருகோணமலை பஸ் நிலையத்தில் கிண்ணியா பஸ் வெளிக்கிடும் வரை உள்ளே இருந்தால், முன் சீட்டுக்காரரின் பிடரியும் காதும் கிடைக்கும். காது கீறப் பழக அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. பின்னேரம் டச் பே கடற்கரையில் குடும்பங்கள் கடலைப் பார்த்துக்கொண்டு அசையாமல் இருப்பார்கள். பக்கவாட்டு முகம் வேண்டிய மட்டும் கிடைக்கும். மீன் சந்தையில் வியாபாரிகள் ஒரு நொடி நிற்க மாட்டார்கள். அங்கே முழு முகத்துக்கு ஆசைப்படாமல் தலையின் சரிவை மட்டும் பிடியுங்கள்.

கிட்ட இருந்து கீறுவதானால் கேட்டுவிட்டுக் கீறுங்கள். "ஐயா, உங்களைக் கீறலாமோ?" என்றால் அநேகர் சிரித்துக்கொண்டு நிமிர்ந்து இருப்பார்கள். விருப்பமில்லை என்று முகம் திருப்பினால், முக்கியமாகப் பெண்கள், கொப்பியை மூடிவிடுங்கள். கோணேசர் கோயிலுக்குப் பிரட்றிக் கோட்டைக்குள்ளால் போகும்போது இராணுவத்தினர் நிற்கும் இடங்களில் கொப்பியைத் திறக்காதீர்கள். மேலே போய், கும்பிட்டுவிட்டு இளைப்பாறுகிறவர்களைக் கீறலாம். வழியில் நிற்கிற மான்களையும் கீறுங்கள், தலை நிலைகள் பழக நல்லது.

போன் படத்தைப் பார்த்துக் கீறுவதானால்

முகத்துக்குக் கிட்டப் பிடித்து எடுத்த படம் வேண்டாம். கிட்ட எடுத்தால் மூக்கு பெருத்துக் காதுகள் பின்னுக்குப் போய்விடும். இரண்டு மீற்றருக்கு மேல் தள்ளி நின்று, பெரிதாக்கி எடுங்கள். பிளாஷ் போட்டால் நிழல் முழுவதும் செத்துவிடும். யன்னல் வெளிச்சம் போதும்.

முப்பதாம் நாள், ஒன்பதாம் நாள் கீறிய அதே ஆளை அதே கதிரையில் இருத்தி, பழைய தாளைப் பார்க்காமல் கீறுங்கள். பிறகு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அவரிடமே காட்டுங்கள்.

அப்பப்பாவின் படத்தை இப்போது மறுபடி தொடங்கியிருக்கிறேன். அடையாள அட்டைப் படத்தில் தெரியாததை அப்பம்மாவிடம் கேட்டுக் கேட்டுக் கீறுகிறேன். "காது இன்னும் கொஞ்சம் விரிஞ்சிருக்கும், உன்ரை அப்பாவுக்கு மாதிரி" என்றார் நேற்று. அப்பாவை விளக்குக்குப் பக்கத்தில் இருத்தி, அவருடைய காதைப் பார்த்து விரித்தேன். அப்பம்மா தாளை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்தார்.

"ஓம், காது அவர்தான்" என்றார். "இனி மூக்கைப் பார்."