15ஆம் நூற்றாண்டு ஆங்கில நைட்டின் வம்சாவளியைத் தேடுவது எப்படி? சர் வில்லியம் பிளம்ப்டனை வைத்து ஒரு பயிற்சி

இங்கிலாந்தில் திருச்சபைப் பதிவேடுகள் தொடங்கியதே 1538-இல்தான். அதற்கு முன் வாழ்ந்தவருக்கு ஞானஸ்நானப் பதிவு, திருமணப் பதிவு என்று தேடினால் எதுவும் கிடைக்காது. நிலம், பதவி, வழக்கு ஆகிய மூன்றில்தான் குடும்பம் அகப்படும். யார்க்ஷயரில் நேர்ஸ்பரோவை ஒட்டிய பிளம்ப்டன் பண்ணையின் சர் வில்லியம் பிளம்ப்டன் (1404–1480) பயிற்சிக்கு அருமையான ஆள். சொந்த வாரிசுரிமையையே குழப்பிவிட்டுப் போனவர்.

படி 1: பதவியில் தொடங்குங்கள்

பிரிட்டிஷ் ஆவணக் காப்பகம் 1898-இல் மாவட்ட வாரியாக ஷெரீஃப் (மாவட்டத்தில் மன்னரின் நிர்வாக அதிகாரி) பட்டியல் ஒன்றை வெளியிட்டது. இணையத்தில் இலவசமாகவே படிக்கலாம். நியமனம் பெரும்பாலும் நவம்பரில் நடக்கும், பதவிக்காலம் ஓராண்டு. எனவே ‘1447–48’ என்று இரட்டை ஆண்டாகவே குறித்துக்கொள்ளுங்கள். நம்மவர் 1447–48-இல் யார்க்ஷயருக்கும், 1452–53-இல் நாட்டிங்ஹாம்ஷயர், டெர்பிஷயர் இரண்டுக்கும் ஷெரீஃப். அந்த இரு மாவட்டங்களுக்கும் அப்போது ஒரே ஷெரீஃப்தான். இரண்டு பதவி என்று எண்ணிவிடாதீர்கள்.

ஒரே பெயர்க்காரர்களைப் பிரித்தறியவும் இந்த ஆண்டுகள் உதவும். மன்னருக்கு எதிரான யார்க் பேராயர் ஸ்க்ரோப்பின் கிளர்ச்சியில் சேர்ந்து 1405-இல் தலை வெட்டப்பட்ட சர் வில்லியம் பிளம்ப்டன் இவருடைய தாத்தா. இணையத்து வம்ச மரங்களில் இருவரும் ஒருவராகிப்போவது உண்டு.

படி 2: தேதியை மாற்றிய பிறகே எழுதுங்கள்

ஆவணங்கள் மன்னரின் ஆட்சியாண்டில் பேசும். ஆறாம் ஹென்றியின் ஆண்டு செப்டம்பர் 1-இலும், நான்காம் எட்வர்டின் ஆண்டு மார்ச் 4-இலும் தொடங்கும். ‘எட்வர்ட் 20’ என்றால் 4 மார்ச் 1480 முதல் 3 மார்ச் 1481 வரை. இதில் இன்னொரு சிக்கலும் உண்டு: அன்றைய கிறிஸ்தவ ஆண்டு பிறந்தது மார்ச் 25-இல். பத்திரத்தில் ‘பிப்ரவரி 1460’ என்றிருந்தால் நமக்கு அது பிப்ரவரி 1461. குறிப்பேட்டில் மூலத் தேதிக்கு ஒரு பத்தி, மாற்றிய தேதிக்கு ஒரு பத்தி வைத்துக்கொள்ளுங்கள். மூலத்தை அழித்துவிட்டால் பிழை எங்கே நுழைந்தது என்று பிறகு தேட முடியாது.

படி 3: இறப்புக்குப் பிந்தைய நில விசாரணை

மன்னரிடம் நேரடியாக நிலம் பெற்றவர் இறந்தால், எஸ்கீட்டர் என்ற அதிகாரி உள்ளூர் ஜூரிகளைக் கூட்டி விசாரிப்பார். இறந்த தேதி, நிலங்கள், வாரிசின் பெயர், வயது எல்லாம் அந்த அறிக்கையில் வரும். லண்டனின் கியூ பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் ஆறாம் ஹென்றி காலத்துக்கு சி 139, நான்காம் எட்வர்டுக்கு சி 140, மூன்றாம் ரிச்சர்டுக்கு சி 141 என்ற வரிசைகளைப் பாருங்கள். மூலம் லத்தீன், அச்சான ஆங்கிலச் சுருக்கங்களில் தொடங்கினால் போதும்.

வயதை அப்படியே நம்பாதீர்கள். ‘21 வயதும் அதற்கு மேலும்’ என்றால் வாரிசு மேஜர் என்பதே செய்தி; ஆள் 35 வயதுக்காரராகவும் இருக்கலாம். நிலத்தின் ஆண்டு மதிப்பும் குறைத்தே சொல்லப்பட்டிருக்கும். அதைவிடப் பெரிய ஓட்டை: பலர் உயிரோடிருக்கும்போதே நிலத்தை நம்பிக்கையான சிலர் பெயருக்கு மாற்றிவைத்தார்கள், கிட்டத்தட்ட பினாமி மாதிரி. அந்த நிலம் விசாரணையில் வராது. ‘நிலம் ஏதுமில்லை’ என்று அறிக்கை சொன்னால் ஏழை என்று முடிவு கட்டாமல் சொத்துமாற்றுப் பத்திரங்களைத் தேடுங்கள்.

படி 4: ஒரு பெயருக்கு ஒரு எண்

சர் வில்லியமுக்கு ராபர்ட் என்று மூன்று மகன்கள். இதில்தான் புதியவர்கள் வழுக்கி விழுவார்கள்.

ராபர்ட் 1, முதல் மனைவி எலிசபெத் ஸ்டேபிள்டனின் மகன், 1450-இல் இறந்தார். அவருக்கு நிச்சயித்திருந்த எலிசபெத் கிளிஃபர்டைத் தம்பி வில்லியமுக்கு மணமுடித்தார்கள். அந்தத் தம்பி 1461 மார்ச் 29 டௌட்டன் போரில் இறக்க, மிஞ்சியவர்கள் மார்கரெட், எலிசபெத் என்ற இரு சிறுமிகள். ராபர்ட் 2 திருமணத்துக்கு வெளியே பிறந்தவர், பிளம்ப்டன் குடும்பக் கடிதங்களில் ‘ராபினெட்’. ராபர்ட் 3, ஜோன் வின்ட்ரிங்ஹாமின் மகன். எல்லாச் சண்டையும் இவரால்தான்.

படி 5: வழக்கைப் படியுங்கள், இரண்டு மரம் வரையுங்கள்

டௌட்டனுக்குப் பிறகு, சிறுமிகளின் தாத்தாவான சர் வில்லியம் தன் பேத்திகளை வாரிசுகள் என்று காட்டி, மார்கரெட்டின் திருமண உரிமையை (அவளை யாருக்கு மணமுடிப்பது என்று முடிவு செய்யும் உரிமை) பிரையன் ரௌக்ளிஃபுக்கும், எலிசபெத்துடையதை ஹென்றி சோட்ஹிலுக்கும் விற்றார். நான்கைந்து வயதுக் குழந்தை மார்கரெட் பிரெஞ்சு பேசுகிறாள், பைபிளின் சங்கீதப் புத்தகத்தைக் கிட்டத்தட்டக் கற்றுவிட்டாள் என்று ரௌக்ளிஃப் பெருமையாக எழுதிய கடிதம் இன்றும் வாசிக்கக் கிடைக்கிறது.

பணம் கைக்கு வந்த பிறகு குண்டு விழுந்தது: ஜோனை 1451-ஐ ஒட்டியே ரகசியமாக மணந்துவிட்டேன், ராபர்ட் 3 முறையான மகன் என்றார் தாத்தா. 1472-இல் யார்க் திருச்சபை நீதிமன்றம் அதை ஏற்றது. சாட்சியத்தில் மணமகனின் பச்சைக் கட்டம் போட்ட உடை, மணமகளின் சிவப்பு உடை வரை வருகிறது. இருபது ஆண்டு கழித்து உடையின் நிறம் இவ்வளவு துல்லியமாக நினைவிருப்பதைக் கொஞ்சம் சந்தேகத்தோடு படிப்பது நல்லது. தீர்ப்பு வந்ததால் திருமணம் சட்டப்படி செல்லும்; உண்மையில் நடந்ததா என்பது வேறு கேள்வி.

ஆகவே இரண்டு மரம் வரையுங்கள்: ஒன்றில் பேத்திகள் வாரிசு, மற்றதில் ராபர்ட் 3. ஒவ்வொரு கோட்டின் மேலும், அதை யார், எந்த வழக்கில், எந்த ஆண்டில் சொன்னார் என்று எழுதுங்கள். வழக்குக்காகத் தாக்கல் செய்த வம்சாவளி, அந்தத் தரப்பு ஜெயிக்கவே வரைந்தது. தாத்தா இறந்தும் சண்டை ஓயவில்லை. 1500-களின் தொடக்கத்தில் ஏழாம் ஹென்றியின் ஆள் ரிச்சர்ட் எம்ப்சன் பேத்திகள் பக்கம் நின்று ராபர்ட்டை ஓட்டாண்டி ஆக்கினார்.

படி 6: சின்னங்களும் நகல்களும்

குடும்பங்களின் மரபுச் சின்னங்களையும் வம்சாவளியையும் பதிவு செய்த அதிகாரிகளின் மாவட்டச் சுற்றுகள் 1530-இல் தொடங்கியவை. அந்தப் பதிவுகளில் தகவல் சொன்னவரின் தாத்தாவுக்கு மேலே உள்ளதெல்லாம் குடும்பம் வாயால் சொன்னது. துப்பாக மட்டும் கொள்ளுங்கள். பிளம்ப்டன் கடிதங்களும் பெரும்பாலும் 17ஆம் நூற்றாண்டில் எடுத்த நகல்களாகவே நமக்கு வந்திருக்கின்றன. நகலெடுத்தவர் ஒரு எண்ணைத் தவறாகப் படித்திருக்கலாம். ஒரு தேதிக்குக் கடிதம் மட்டுமே ஆதாரம் என்றால் மரத்தில் அதைப் பென்சிலில் எழுதுங்கள். அரசு ஆவணச் சுருள் ஒன்றில் அதே தேதி கிடைத்த பிறகு மைக்கு மாற்றலாம்.