தாளிப்பு நெடி படுக்கையறை வரை வருகிறதா? வீட்டுக் காற்றோட்டத்தைச் சரிசெய்யும் முறை

சேலம் குகை, அம்மாப்பேட்டை பக்கத்து வரிசை வீடுகளில் இரண்டு பக்கமும் பொதுச்சுவர். காற்றுக்கு இருப்பது முன்வாசல், பின்கட்டு என்ற இரண்டே முகம். பின்கட்டில் குளியலறையைக் கட்டி அடைத்துவிட்டால், அடுத்து எத்தனை ஃபேன் மாட்டினாலும் உள்ளே இருக்கிற காற்றுதான் சுற்றும். ஏற்காட்டில் சிக்கல் வேறு மாதிரி. குளிருக்குப் பயந்து எல்லாவற்றையும் சாத்தி வைப்பதால் சுவரில் ஓதம், துணியில் பூஞ்சை வாடை. இரண்டு ஊருக்கும் அடிப்படை ஒன்றுதான்: காற்று வெளியே போக ஒரு வழி, உள்ளே வர ஒரு வழி, இரண்டும் எதிரெதிராக. இதைச் சரிபார்க்காமல் எந்தக் கருவியும் வாங்காதீர்கள்.

படி 1: ஊதுபத்திச் சோதனை

எல்லா ஃபேனையும் நிறுத்துங்கள். ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தி, ஒவ்வொரு ஜன்னல் ஓரத்திலும், கதவின் கீழ் இடுக்கிலும், வென்டிலேட்டருக்குக் கீழேயும் அரை நிமிடம் அசையாமல் பிடியுங்கள். புகை உள்பக்கம் சாய்ந்தால் அங்கே காற்று வருகிறது; வெளிப்பக்கம் இழுபட்டால் போகிறது. நூல் பிடித்தாற்போல் நேராக மேலே ஏறினால் அந்தத் திறப்பு இருந்தும் பயனில்லை. ஒரு தாளில் வீட்டின் படம் போட்டு அம்புக்குறி இடுங்கள். காலை, மதியம், இரவு என மூன்று வேளையும் பாருங்கள். ஆடிக் காற்று மேற்கிலிருந்து அடிக்கும்போது ஒரு மாதிரியும், ஐப்பசி, கார்த்திகையில் வேறு மாதிரியும் இருக்கும்.

நேராக ஏறுகிற இடத்தில் முதலில் பார்க்க வேண்டியது கொசுவலை. விரலால் தேய்த்துப் பாருங்கள். கறுப்பாக ஒட்டினால் கண்ணிகள் பாதி அடைபட்டுவிட்டன. கழற்றி சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து மென்மையான பிரஷ்ஷால் தேய்த்தால் போதும். பல வீடுகளில் இந்த ஒரு வேலையிலேயே புழுக்கம் குறைந்துவிடும்.

படி 2: புகையை உண்டாக்குவதைக் குறையுங்கள்

கொசுவத்திச் சுருளை நிறுத்துவது முதல் வேலை. ஒரு சுருள் முழுதாக எரியும்போது வெளிவரும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட் எரிவதற்குச் சமம் என்று அளந்திருக்கிறார்கள். மூடிய அறையில் குழந்தையைப் படுக்கவைத்துவிட்டு அதைக் கொளுத்துவது மிகத் தவறு. கொசுவலைக்குள் படுப்பது நல்லது. சாம்பிராணி போட்டால் ஜன்னலைத் திறந்து வைத்தே போடுங்கள்.

கேஸ் அடுப்பின் சுடர் நீலமாக இருக்க வேண்டும். மஞ்சளாக எரிந்து பாத்திரத்தின் அடியில் கரி பிடித்தால் பர்னர் துளைகளோ காற்றுத் துவாரமோ அடைபட்டிருக்கிறது. பர்னர் துளைகளை ஊசியால் குத்திச் சுத்தம் செய்யலாம். வாயு வெளிவரும் நுண்துளையான ஜெட்டைத் தொடாமல் மெக்கானிக்கிடம் விடுங்கள்.

வீட்டிலேயே தறி ஓடினால் பஞ்சுத் தூசியை விளக்குமாறால் பெருக்காதீர்கள், கம்ப்ரெசரால் ஊதவும் வேண்டாம். அது மூக்கு உயரத்துக்கு எழும்பி மணிக்கணக்கில் மிதக்கும். ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். தறிக்கும் படுக்கையறைக்கும் நடுவே உள்ள கதவு எப்போதும் மூடியிருக்கட்டும்.

படி 3: எக்ஸாஸ்ட் ஃபேன், அளவும் இடமும்

அதிகம் தவறு நடப்பது இங்கேதான். 8 அடி அகலம், 10 அடி நீளம், 10 அடி உயரமுள்ள சமையலறை 800 கன அடி. தாளிக்கும் நேரத்தில் மணிக்கு 15 தடவையாவது காற்று முழுக்க மாற வேண்டும் என்று வைத்துக்கொண்டால் 12,000 கன அடி, அதாவது மணிக்குச் சுமார் 340 கன மீட்டர். ஃபேன் அட்டைப்பெட்டியில் இந்த எண் அச்சிட்டிருக்கும். வலையும் மூடியும் கொஞ்சம் இழுவையைத் தின்னும் என்பதால் 400க்கு மேல் உள்ளதை எடுங்கள்.

ஃபேனை அடுப்புக்கு அருகில், கூரையை ஒட்டி, காற்று வரும் வழிக்கு எதிர்ப்பக்கம் வையுங்கள். ஜன்னலுக்கு மேலேயே வைத்து அந்த ஜன்னலையும் திறந்து வைத்தால், ஜன்னல் வழியே வந்த காற்று அப்படியே மேலே திரும்பி ஃபேனில் போய்விடும். அடுப்புப் புகை இருந்த இடத்திலேயே நிற்கும். ஃபேன் ஓடும்போது பக்கத்து ஜன்னலை மூடி, ஹால் பக்கத்து ஜன்னலைத் திறப்பதே முறை.

உள்ளே வரும் வழிக்கும் ஒரு கணக்கு உண்டு. 9 அங்குல ஃபேனின் வாய் சுமார் 64 சதுர அங்குலம். 30 அங்குலக் கதவின் அடியில் 1 அங்குல இடுக்கு விட்டால் கிடைப்பது 30 சதுர அங்குலம்தான், பாதிகூட இல்லை. அதனால் சமையலறைக் கதவைத் திறந்தே வைக்க வேண்டும். குளியலறைக்கு 6 அங்குல ஃபேன் போதும். அதன் வாய் 28 சதுர அங்குலம் என்பதால் அதே 1 அங்குல இடுக்கு அங்கே சரியாகப் பொருந்தும்.

மாட்டியதும் ஒரு டிஷ்யூ தாளை ஃபேன் வலையருகே பிடியுங்கள். ஒட்டி நின்றால் இழுக்கிறது. ஹால் ஜன்னலைத் திறந்தவுடன் இன்னும் இறுக்கமாக ஒட்டினால், இதுவரை உள்ளே வரும் வழி போதவில்லை என்று அர்த்தம். சமையல் முடிந்த பிறகும் 15 நிமிடம் ஓடட்டும்.

சிம்னி வைத்திருப்பவர்கள் குழாயைக் கவனியுங்கள். 6 அங்குலக் குழாயை, சுவரில் ஓட்டை சிறியது என்று 4 அங்குலமாக்கினால் வழி பாதிக்கும் கீழே குறைந்து, சத்தம்தான் கூடும். வளைவுகள் இரண்டுக்கு மேல் வேண்டாம். அடுப்பிலிருந்து 26 முதல் 30 அங்குல உயரம் சரி.

படி 4: எந்த நேரத்தில் திறப்பது

கோடையில் இரவும் விடியலும் திறந்து, வெயில் ஏறியதும் மூடுங்கள். மார்கழி, தையில் இதற்கு நேர்மாறு. சேலம் சுற்றிலும் மலை சூழ்ந்த ஊர் என்பதால் குளிர்ந்த காற்று கீழே தங்கும்போது குப்பை எரித்த புகையும் வண்டிப் புகையும் விடியற்காலையில் தாழவே நிற்கும். வெயில் வந்த பிறகு திறப்பது நல்லது.

ஏற்காட்டில் மூடுபனி விலகும் பகல் வேளைதான் திறக்கும் நேரம். வீட்டுக்குள் ஈரத்துணி காயப்போடாதீர்கள். வெதுவெதுப்பான ஈரக்காற்று குளிர்ந்த சுவரில் பட்டு நீராவதால்தான் பூஞ்சை பிடிக்கிறது. பீரோவைச் சுவரிலிருந்து 3 அங்குலம் தள்ளி வையுங்கள். ஈரப்பதமானியில் 60 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்படி பாருங்கள். பூஞ்சையை உலர்ந்த பிரஷ்ஷால் சுரண்டினால் விதைத்தூள் வீடு முழுக்கப் பரவும். மாஸ்க் போட்டு, சோப்புத் தண்ணீரால் நனைத்துத் துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள். கசிவை நிறுத்தாமல் மேலே பெயின்ட் அடித்தால் அடுத்த மழைக்கே திரும்ப வரும். பிளீச்சிங் பவுடரை ஆசிட்டோடு கலக்கவே கூடாது, குளோரின் வாயு கிளம்பும்.

உயிர் சம்பந்தப்பட்ட மூன்று

குளிருக்காக மூடிய அறையில் கரி அடுப்பு வைத்துத் தூங்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் கிடையாது, நிறமும் கிடையாது, எழுந்திருக்கவே விடாது. இதே காரணத்துக்காக கேஸ் கீசரைக் குளியலறைக்குள் மாட்டக்கூடாது, வெளியே மாட்டி வெந்நீரை மட்டும் உள்ளே கொண்டுவாருங்கள். மூன்றாவது, சமையல் வாயு கசிந்த வாடை வந்தால் எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடாதீர்கள். ஸ்விட்சில் தெறிக்கும் பொறியே தீப்பிடிக்கப் போதும். அந்த வாயு காற்றைவிடக் கனமானது, தரையில் படியும். ரெகுலேட்டரை மூடி, கதவையும் ஜன்னலையும் திறந்து, வெளியே வந்து 1906க்கு அழையுங்கள்.

ஏ.சி., ஏர் பியூரிஃபையர்

ஸ்ப்ளிட் ஏ.சி. வெளிக்காற்றை உள்ளே கொண்டுவராது, அறைக் காற்றையே குளிரவைத்துத் திருப்பித் தரும். படுக்கப்போகும் முன் 10 நிமிடம் ஜன்னலைத் திறந்து வையுங்கள். இரவில் கதவை 2 அங்குலம் விட்டுச் சாத்துங்கள். ஏர் பியூரிஃபையர் தூசியைப் பிடிக்கும், கரியமில வாயுவையோ கார்பன் மோனாக்சைடையோ நீக்காது. 10க்கு 12 அடி அறைக்கு மணிக்கு 170 கன மீட்டர் சுத்தம் செய்யும் திறன் பாருங்கள். சேலத்துத் தூசிக்கு முன்வலையை வாரம் ஒருமுறை தட்டிச் சுத்தம் செய்யுங்கள். உள்ளே இருக்கும், நுண்தூசியைப் பிடிக்கும் ஹெப்பா ஃபில்டரில் மட்டும் தண்ணீர் படக்கூடாது.