பரோட்டாக் கடை எண்ணெய்த் தொட்டி: அளவு எடுக்கும் முறை

மதுரையில் மெஸ், பரோட்டாக் கடைகளுக்கு எண்ணெய் பிரிக்கும் தொட்டி கட்டிக் கொடுப்பது என் தொழில். சிம்மக்கல், டவுன் ஹால் ரோடு பக்கமெல்லாம் இட நெருக்கடி. “நல்லா ஆழமாத் தோண்டிருங்கண்ணே, போதும்” என்பார்கள் கடைக்காரர்கள். போதாது.

முதலில் தண்ணீரை அளக்க வேண்டும். பகலில் அளந்து பயனில்லை. ராத்திரி கடை சாத்துகிற நேரம், சால்னா அண்டாவும் தட்டுகளும் மொத்தமாக விழுந்து எல்லாக் குழாயும் திறந்திருக்கும்போது, கழிவுநீர் விழும் இடத்தில் 20 லிட்டர் வாளியைப் பிடித்து, செல்போனில் நேரம் பாருங்கள். 40 விநாடியில் நிறைந்தால் நிமிடத்துக்கு 30 லிட்டர். எண்ணெய் மேலே ஏறிப் பிரிய, தண்ணீர் அரை மணி நேரம் தங்க 900 லிட்டர் தொட்டி வேண்டும்: ஒன்றரை மீட்டர் நீளம், 60 சென்டிமீட்டர் அகலம், நீர் நிற்கும் ஆழம் 1 மீட்டர்.

ஆழத்தை 2 மீட்டராக்கினால் தண்ணீர் தங்கும் நேரம் இரட்டிப்பாகும், உண்மைதான். எண்ணெய்த் துளி ஏற வேண்டிய தூரமும் கூடவே இரட்டிப்பாகிவிடுகிறதே! அடியில் கசடு தங்க இடம் கிடைக்கும், அவ்வளவுதான். நீர்ப்பரப்பைக் கூட்டினால்தான் மெதுவாக ஏறும் துளியும் மாட்டும். 900 லிட்டர் தொட்டியில், விநாடிக்கு அரை மில்லிமீட்டருக்குச் சற்று அதிக வேகத்தில் ஏறும் துளிகள்தான் முழுக்கப் பிடிபடும்.

துளியின் விட்டம் பாதியானால் ஏறும் வேகம் கால்வாசியாகிவிடும். சோப்பு எண்ணெயைப் பொடிப்பொடியாக உடைக்கிறது. சுடுதண்ணீர் கொழுப்பை உருக்கித் தொட்டியைத் தாண்ட வைக்கிறது, அது போய்ச் சாக்கடைக் குழாயில் உறைகிறது. தட்டை வழித்துத் துடைத்துவிட்டுக் கழுவச் சொல்லுங்கள். இதைப்போல உதவுவது வேறொன்றும் இல்லை.

உங்கள் கடைத் தண்ணீர் எப்படி என்று பார்க்க, கழுவுநீரை உள்ளே இருப்பது தெரிகிற பாட்டிலில் பிடித்து அசையாமல் வையுங்கள். 20 சென்டிமீட்டர் உயரத்துக்கு எண்ணெய் ஏறப் பத்து நிமிடம் ஆனால், 1 மீட்டர் ஏற ஐம்பது நிமிடம். அப்போது அரை மணிக் கணக்கு பற்றாது, தொட்டியை அகலமாக்குங்கள்.

வெளியேறும் குழாயில் ‘டீ’ (T வடிவ இணைப்பு) போட்டு, அதன் கீழ்க்கால் நீருக்குள் நன்றாக இறங்கியிருக்க வேண்டும். மிதக்கும் எண்ணெயும் அடிக்கசடும் சேர்ந்து ஆழத்தில் கால்வாசியைத் தொட்டால் அள்ளிவிடுங்கள். அள்ளியதைக் கிருதுமால் ஓடையில் கொட்டாதீர்கள். கடை திறக்குமுன் நல்ல தண்ணீர் ஊற்றித் தொட்டியை நிரப்புங்கள். காலித் தொட்டியில் கழிவுநீர் விட்டால், முதலில் வரும் எண்ணெய் ‘டீ’யின் அடிவழியாகவே வெளியே போய்விடும்.