பேண்ட் வரவில்லை என்றால் டி.என்.ஏ.வைக் கூட்டாதீர்கள்

ஒவ்வொரு கோடையிலும் வேலூர், காட்பாடி பக்கத்துக் கல்லூரிகளிலிருந்து மாணவர்கள் புராஜெக்ட் செய்ய எங்கள் ஆய்வகத்துக்கு வருவார்கள். போன வாரம் ஒரு மாணவி, இலவம்பாடி முள்ளுக்கத்திரி இலையிலிருந்து டி.என்.ஏ. எடுத்துவிட்டு, பி.சி.ஆர். (டி.என்.ஏ.வின் ஒரு துண்டைப் பல மடங்கு பெருக்கும் முறை) ஜெல்லில் பேண்ட், அதாவது பெருகிய டி.என்.ஏ.வைக் காட்டும் கோடு, ஒன்றுமே தெரியவில்லை என்று வந்து நின்றாள். அவள் நோட்டைப் புரட்டினேன். பல வருடங்களுக்கு முன் நான் செய்த அதே தவறுகள், அதே வரிசையில். டிப் மாற்றாதது, டியூபில் பெயர் எழுதாதது எல்லாம் எந்தக் கையேட்டிலும் இருக்கும். செடி என்பதாலேயே வரும் தவறுகளை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

இலையைப் பையில் கட்டி வெயிலில் கொண்டுவருவது

கத்திரிக்காயை நறுக்கியதும் தண்ணீரில் போடுகிறோம். இல்லாவிட்டால் கறுத்துவிடும். காயில் உள்ள பாலிஃபீனால்கள் காற்றுப் பட்டு, ஒரு நொதியின் வேலையால் பழுப்பாக மாறுவதுதான் அந்தக் கறுப்பு. இலையிலும் இதேதான் நடக்கிறது. அப்படி மாறிய பாலிஃபீனால் டி.என்.ஏ.வோடு ஒட்டிக்கொண்டால், எத்தனை முறை கழுவினாலும் போகாது. வேலூர் பக்கத்து அணைக்கட்டு என்ற ஊரிலிருந்து மே மாத வெயிலில் பஸ்ஸில் வந்து சேரும் பாலித்தீன் பையைத் திறந்து பாருங்கள். உள்ளே இலை வேர்த்து, துவண்டு, காம்போரம் கறுத்திருக்கும். ஐஸ் பெட்டி எடுத்துப் போங்கள். முடியாவிட்டால் சிலிக்கா ஜெல் போட்ட பையில் உலர்த்திக் கொண்டுவாருங்கள். அரைக்கும்போது கரைசலில் பி.வி.பி. இருக்கட்டும், அது பாலிஃபீனாலைப் பிடித்துக்கொள்ளும். பீட்டா மெர்காப்டோஎத்தனால் பாலிஃபீனால் பழுப்பாவதைத் தடுக்கும்.

மெர்காப்டோஎத்தனாலை முன்கூட்டியே கலந்து வைப்பது

அன்றைக்கு வேண்டியதை அன்றே கலக்குங்கள், ஃபியூம் ஹூடுக்குள் (ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் பெட்டி).

முற்றிய இலையைப் பறிப்பது

கொழுந்து போதும்.

பேண்ட் இல்லை என்றதும் டி.என்.ஏ.வைக் கூட்டுவது

என்னை இன்றைக்கும் எரிச்சலூட்டுவது இதுதான். தொடக்க காலத்தில் 24 மா இலைகளில் வேலை செய்தேன். நானோடிராப்பில் (டி.என்.ஏ.வின் அளவையும் சுத்தத்தையும் ஒளியால் அளக்கும் கருவி) 260/280 விகிதம் 1.8 காட்டியது. சுத்தமான டி.என்.ஏ. என்று நம்பினேன். ஜெல்லில் லேடர் (அளவு ஒப்பிடக் கூடவே ஓட்டும் டி.என்.ஏ.) மட்டும் பளிச்சென்று நின்றது, மற்ற குழிகளெல்லாம் இருட்டு. டி.என்.ஏ. போதவில்லை போலிருக்கிறது என்று 1 மைக்ரோலிட்டருக்குப் பதில் 3 போட்டேன். அப்புறம் 5. ஒரு மாதமும் பி.சி.ஆரில் டி.என்.ஏ.வைப் பெருக்கும் நொதியான டாக் பாலிமரேஸ் ஒரு டியூபும் வீணாயின. கடைசியில் சீனியர் ஒருவர், அதே டி.என்.ஏ.வைப் பத்து மடங்கு நீர்த்துப் போடச் சொன்னார். அன்று சாயங்காலமே 19 குழிகளில் பேண்ட் வந்தது.

1.8 என்ற எண், புரதம் அதிகம் இல்லை என்று மட்டும்தான் சொல்லும். செடியில் உள்ள பாலிசாக்கரைடை (நீண்ட சர்க்கரைச் சங்கிலி) பற்றி அதில் ஒன்றும் தெரியாது. அதற்கு 260/230 விகிதத்தைப் பாருங்கள். 2க்குப் பக்கத்தில் இருந்தால் நல்லது. 1க்குக் கீழே போனால் சந்தேகப்படுங்கள். செடியிலிருந்து கூடவே வந்த இந்த அழுக்கு, டாக் நொதியை வேலை செய்யவிடாது. டி.என்.ஏ.வைக் கூட்டினால் அழுக்கையும் சேர்த்துத்தான் கூட்டுகிறோம். நீர்த்தால் என்ன நஷ்டம்? பி.சி.ஆர். சுற்றுக்குச் சுற்று ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. பத்தில் ஒரு பங்கு டி.என்.ஏ.வில் தொடங்கினாலும் மூன்று, நான்கு சுற்றுதான் பின்தங்கும். அதோடு பி.எஸ்.ஏ. என்ற மாட்டு ரத்தப் புரதம் கொஞ்சம் சேர்த்தால் மிச்சமிருக்கும் பாலிஃபீனால் அதில் போய் ஒட்டிக்கொள்ளும்.

காசும் நாளும் போவதைவிடப் பெரிய ஆபத்து, வெறும் ஜெல்லைப் பார்த்து "இல்லை" என்று எழுதுவது. பூச்சியை எதிர்க்க மரபணு மாற்றிய பி.டி. கத்திரியை 2010இல் மத்திய அரசு நிறுத்திவைத்தது. ஒரு விதையில் மரபணு மாற்றம் உண்டா என்று பார்க்க மரபணு மாற்றிய பயிர்கள் பலவற்றில் இருக்கும் 35எஸ் புரொமோட்டர் என்ற டி.என்.ஏ. துண்டைத் தேடுவது வழக்கம். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற நம் முள்ளுக்கத்திரியின் விதையை ஒரு விவசாயி சோதனைக்குக் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அழுக்கால் பி.சி.ஆர். நின்றுபோயிருந்தாலும் ஜெல் காலியாகத்தான் இருக்கும். "இல்லை" என்ற காகிதத்தை நம்பி அவர் அடுத்த போகத்துக்கு விதை எடுத்து வைப்பார்.

அதனால் இரண்டு கன்ட்ரோல் (சோதனை சரியாக நடந்ததா என்று காட்டும் ஒப்பீடு) கட்டாயம். ஒன்று, அந்தச் செடிக்கே உரிய மரபணு ஒன்றுக்கான பிரைமர் (பெருக்க வேண்டிய இடத்தைக் காட்டும் குட்டி டி.என்.ஏ. துண்டு). அதுவும் வரவில்லை என்றால் உங்களிடம் முடிவே இல்லை; உண்டு என்றும் சொல்லக்கூடாது, இல்லை என்றும் சொல்லக்கூடாது. இதற்குப் பசுங்கணிக மரபணுவை எடுக்காதீர்கள். ஒரு செல்லிலேயே அது நூற்றுக்கணக்கில் இருப்பதால் பாதி தடைபட்டாலும் வந்துவிடும். உட்கருவில் ஒற்றைப் பிரதியாக இருப்பதை எடுங்கள். இரண்டாவது, நன்றாக வேலை செய்யும் ஒரு ரியாக்‌ஷனில் சந்தேகப்படும் டி.என்.ஏ.வை 1 மைக்ரோலிட்டர் சேர்த்துப் பாருங்கள். அதுவும் நின்றுபோனால் குற்றவாளி யார் என்று தெரிந்துவிடும். அந்த மாணவியிடம் இதைத்தான் முதலில் செய்யச் சொன்னேன். நின்றுபோனது. பத்து மடங்கு நீர்த்தாள், பேண்ட் வந்தது.

ஐசோபுரோபனால் ஊற்றி ராத்திரி முழுக்க மைனஸ் 20இல் வைப்பது

வெண்டைக்காய் நறுக்கும்போது கத்தியில் நூல் இழுக்குமே, அந்த வழவழப்பு பாலிசாக்கரைடுதான். ஐசோபுரோபனால் டி.என்.ஏ.வைக் கரைசலிலிருந்து பிரித்து அடியில் இறக்கும் ஆல்கஹால். குளிரில் ரொம்ப நேரம் வைத்தால் பாலிசாக்கரைடும் டி.என்.ஏ.வோடு சேர்ந்து அடியில் இறங்கும். அடியில் படியும் பெல்லட் ஜெல்லி மாதிரி இருக்கும், டிப்பில் உறிஞ்சினால் நூலாக வரும். ஐசோபுரோபனாலுக்கு முன் சோடியம் குளோரைடு சேர்த்து, அளவை 1 மோலாருக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். பாலிசாக்கரைடில் பெரும்பகுதி கரைசலிலேயே நின்றுவிடும். அறை வெப்பத்தில் பத்துப் பதினைந்து நிமிடம் போதும்.

சி.டி.ஏ.பி. கரைசலை ஐஸில் வைப்பது

வைக்காதீர்கள். சி.டி.ஏ.பி. என்பது செல்லை உடைத்து டி.என்.ஏ.வை வெளியே விடும் சோப்பு மாதிரியான பொருள். குளிரில் அது வெள்ளையாகப் பிரிந்துவிடும். அரைத்த இலையில் ஊற்றும்போது 65 டிகிரியில் இருக்க வேண்டும்.

பழுப்பு பெல்லட்டோடு மேலே போவது

எத்தனால் கழுவலில் வெளுத்துவிடும் என்று காத்திருக்காதீர்கள். டியூபை எறிந்துவிட்டு, புதுக் கொழுந்து எடுத்து, பி.வி.பி.யை 2 சதவீதமாக்கித் திரும்ப அரையுங்கள்.