ஈஸ்ட் பாட்டிலுக்கு இரவு பகல் தெரியாது: செடி வளர்க்கும் மீன்தொட்டியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மீன்தொட்டியில் செடி வளர்க்க, வீட்டிலேயே கரியமில வாயு தயாரிப்பது கடினமே இல்லை. காலி சோடா பாட்டில், சர்க்கரை, துளி ஈஸ்ட், வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு ஏர் டியூப் இருந்தால் ஒரு நாளைக்குள் குமிழி வர ஆரம்பித்துவிடும். தவறுகள் அதற்குப் பிறகுதான் நடக்கின்றன. ஈஸ்ட் உயிருள்ளது. விளக்கை அணைத்ததும் அதுவும் நின்றுவிடும் என்று நினைத்துக்கொள்கிறோம். அது நிற்பதில்லை.

இதில் மிக ஆபத்தான தவறு, இரவில் வாயு வேண்டாம் என்று டியூபை மடித்துக் கட்டுவது, அல்லது வால்வைத் திருகி மூடுவது. உள்ளே வாயு ஊறிக்கொண்டே இருக்கும். போக வழியில்லாமல் அழுத்தம் ஏறி மூடி பிய்த்துக்கொள்ளும், இல்லையென்றால் பாட்டிலே வெடிக்கும். கண்ணாடி பாட்டிலைத் தொடவே வேண்டாம். சோடா அடைத்து வரும் பிளாஸ்டிக் பாட்டில்தான் அழுத்தம் தாங்கும்; சாதாரணத் தண்ணீர் பாட்டில் தாங்காது. டியூபின் முனையில் வாயுவை நுண்குமிழிகளாக்கி நீரில் விடும் டிஃப்யூசரின் பீங்கான் வில்லையில் பாசி அடைத்துக்கொண்டாலும் இதே கதைதான். குமிழி குறைந்தால் கலவையைக் குறை சொல்லுமுன் வில்லையைக் கழற்றிக் கழுவிப் பாருங்கள்.

இரவில் செடிகளும் ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு கரியமில வாயுவைத்தான் விடுகின்றன. பாட்டிலும் தன் பங்குக்கு விட்டுக்கொண்டிருக்கும். விளைவை விடிகாலையில் பார்க்கலாம்: மீன்கள் எல்லாம் மேல்மட்டத்தில் கூடி, வாயை நீர்ப்பரப்பில் வைத்து, செவுள் படபடக்க நிற்கும். பசி என்று நினைத்து உணவு போட்டுவிடாதீர்கள். உடனே டியூபை நீரிலிருந்து வெளியே எடுங்கள், ஏர் பம்பை ஓடவிடுங்கள், தொட்டித் தண்ணீரில் நாலில் ஒரு பங்கை எடுத்துவிட்டுக் குளோரின் நீக்கிய தண்ணீரை விடுங்கள். இந்த நிலையே வராமலிருக்க, விளக்கு அணைந்ததும் ஏர் பம்ப் ஓடட்டும், விளக்கு எரியும்போது நிற்கட்டும். பலர் இதை நேர்மாறாகச் செய்கிறார்கள். காற்றோடு சமநிலையில் உள்ள தண்ணீரில் கரியமில வாயு லிட்டருக்குச் சுமார் அரை மில்லிகிராம்தான் இருக்கும். பகலில் நீர்ப்பரப்பைக் கலக்கிவிட்டால், பாடுபட்டுக் கரைத்த வாயு வெளியேறி அந்த அளவை நோக்கியே இறங்கும். பில்டர் தண்ணீர் மேலிருந்து சலசலவென்று விழாமல், நீருக்குள்ளேயே வெளிவரும்படி வையுங்கள்.

அடுத்தது கலவை. 2 லிட்டர் பாட்டிலுக்கு 300 முதல் 400 கிராம் சர்க்கரை, கால் தேக்கரண்டி ஈஸ்ட் போதும். குமிழி போதவில்லை என்று ஈஸ்டை அள்ளிப் போடுவது வழக்கமான தவறு. மொத்தம் எவ்வளவு வாயு கிடைக்கும் என்பது சர்க்கரையின் கையில் இருக்கிறது. அதன் எடையில் ஏறக்குறைய பாதிதான் உச்சம். ஈஸ்ட் தீர்மானிப்பது வேகத்தை மட்டுமே. அதிகம் போட்டால் இரண்டு வாரம் வர வேண்டிய வாயு நாலைந்து நாளில் பொங்கித் தீர்ந்துவிடும். சர்க்கரையை மட்டும் கூட்டிக்கொண்டே போவதிலும் பலனில்லை. உள்ளே சாராயம் ஏற ஏற ஈஸ்ட் செத்துவிடும். தண்ணீர் கை பொறுக்கும் சூட்டில் இருக்கட்டும், கொதிநீரில் ஈஸ்ட் பிழைக்காது. பாட்டிலில் மேலே கால் பங்கு காலியாக விடுங்கள்.

அந்த இடத்தை விடாமல் நான் ஒருமுறை கழுத்துவரை நிரப்பிவிட்டேன். நுரை டியூபுக்குள் ஏறி, காலையில் தொட்டி பால் கலந்ததுபோல் வெளுத்துக் கிடந்தது. சர்க்கரையும் சாராயமும் நீரில் இறங்கினால் பாக்டீரியா பெருகி ஆக்சிஜனைத் தின்றுவிடும். இதற்குச் செக் வால்வு உதவாது என்பதை அன்றுதான் புரிந்துகொண்டேன். தொட்டித் தண்ணீர் டியூப் வழியே பாட்டிலுக்குத் திரும்பாமல் காப்பதுதான் செக் வால்வின் வேலை. நுரையைத் தடுக்க, நடுவில் பாதி தண்ணீர் நிரப்பிய ஒரு சின்ன பாட்டில் வேண்டும். இரண்டும் தேவை.

பாசி வந்துவிட்டது என்று வருந்துகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, பாட்டிலை எப்போது மாற்றினீர்கள் என்றுதான். முதல் வாரம் வாயு பொங்கும், மூன்றாம் வாரம் சொட்டும். இந்த ஏற்ற இறக்கத்தில்தான் இலை ஓரங்களில் கருந்தாடிப் பாசி பிடிக்கிறது. இரண்டு பாட்டில் வைத்து, வாரம் ஒன்றாக மாற்றி மாற்றிப் புதுப்பியுங்கள். விளக்கு ஏழெட்டு மணி நேரத்துக்கு மேல் எரிய வேண்டாம். அளவு பார்க்க டிராப் செக்கர் நல்லது; தொட்டிக்குள் ஒட்டிவைக்கும் சின்னக் குமிழ் அது, நீரில் உள்ள கரியமில வாயுவின் அளவை நிறத்தால் காட்டும். ஆனால் அதில் தொட்டித் தண்ணீரை ஊற்றினால் பயனில்லை. கார்பனேட் கடினத்தன்மை 4 டிகிரி உள்ள, நிறங்காட்டி சேர்த்த கரைசலைத்தான் ஊற்ற வேண்டும். நீலம் என்றால் குறைவு, பச்சை என்றால் லிட்டருக்கு 30 மில்லிகிராம் அளவில் இருக்கிறது, மஞ்சள் என்றால் மீனுக்கு ஆபத்து. நிறம் மாற ஓரிரு மணி நேரம் பிடிக்கும் என்பதால், அது பச்சையாகத் தெரியும்போதே மீன் மூச்சுக்குத் தவித்தால் மீனைத்தான் நம்ப வேண்டும்.

100 லிட்டருக்கு மேற்பட்ட தொட்டிக்கு ஈஸ்ட் பாட்டில் ஈடுகொடுக்காது. அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் போன்ற மெதுவாக வளரும் செடிகளை மட்டும் வைக்கிறவர்களுக்கு இந்த ஏற்பாடே தேவையில்லை.

புதுத் தொட்டியில் மீனுக்கு நஞ்சான அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியா நிலைபெறப் பெரும்பாலும் 4 முதல் 6 வாரம் ஆகும். அதுவரை மீன் விடாதீர்கள், ஆனால் பாட்டிலை முதல் நாளே இணைத்துவிடுங்கள். அந்த வாரங்களில் இரண்டு மூன்று கலவை மாற்றிவிடுவீர்கள். உங்கள் பாட்டில் எத்தனையாவது நாள் பொங்குகிறது, எப்போது ஓய்கிறது, விடியும்போது டிராப் செக்கர் என்ன நிறத்தில் இருக்கிறது என்பதையெல்லாம் எந்த மீனுக்கும் ஆபத்தில்லாமல் பார்த்துக் குறித்துக்கொள்ளலாம்.